புள்ளியைக் கடைசியில் பாருங்கள்: புதிய ரொக் அல்பங்களின் விமர்சனங்களை வாசிக்கத் தொடங்குபவர்களுக்கு

பெரிய பிரித்தானிய ரொக் குழுக்களான ரேடியோஹெட் கேட்டாகிவிட்டது, ஆர்க்டிக் மங்கீஸும் கேட்டாகிவிட்டது, அடுத்து என்ன என்று தேடும்போதுதான் சிக்கல் தொடங்கும். வெள்ளிக்கிழமைதோறும் பெயர் தெரியாத பரிசோதனை ரொக் குழுக்களின் அல்பங்கள் வந்து குவிகின்றன. ஒரு தளம் ஒன்றைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறது; இன்னொன்று அதைக் கண்டுகொள்ளவேயில்லை. சரி, புகழ்ந்ததையே கேட்போம் என்று போட்டால், இது பாட்டா, கிற்றார் பழுதாகிப்போன சத்தமா என்று முதல் நிமிடத்திலேயே சந்தேகம் வருகிறது. "மச்சான், இதுக்கு ஒன்பது குடுத்திருக்கிறாங்கள், எனக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்று கேட்கிற நண்பர்களுக்குச் சொல்லிவருகிற விஷயங்களைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

லண்டனில் இருப்பவருக்கு விமர்சனம் என்பது பல வழிகளில் ஒன்று. அந்தக் குழுவே பக்கத்து மண்டபத்தில் வந்து வாசிக்கும். இசைத்தட்டுக் கடையில் நிற்பவர் ஒன்றை எடுத்துக் கையில் தருவார். கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருப்பவருக்கு இந்த இரண்டும் இல்லை. இந்த வகைக் குழுக்கள் இந்தப் பக்கம் வருவதே அரிது. அதனால் யாரோ ஒருவர் எழுதிய 800 சொற்களை நம்பித்தான் நாம் ஒரு மாலையைச் செலவழிக்கிறோம். அவற்றை எப்படி வாசிப்பது என்று தெரிந்திருப்பது லண்டன்காரரைவிட நமக்குத்தான் கூடுதல் தேவை.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. போன், காதை முழுதாக மூடும் ஹெட்போன், ஒரு கொப்பி, வாரத்தில் ஒரு மாலை.

முதலில் கேளுங்கள், பிறகு வாசியுங்கள்

இதை மட்டும் செய்தாலே பாதி வேலை முடிந்தது. விமர்சனத்தை வாசித்துவிட்டுக் கேட்டால், விமர்சகர் கேட்டதைத்தான் நீங்களும் கேட்பீர்கள். "மூன்றாவது பாட்டில் தொய்வு" என்று அவர் எழுதியிருந்தால் மூன்றாவது பாட்டு வரும்போதே கொட்டாவி வந்துவிடும்.

இந்த விஷயத்தில் கொழும்புக்கு ஒரு வசதி இருக்கிறது. 2015 ஜூலை 10 முதல் உலகம் முழுவதும் புதிய அல்பங்கள் வெள்ளிக்கிழமையில் வெளியாகின்றன. அதற்கு முன் பிரித்தானியாவில் திங்கள், அமெரிக்காவில் செவ்வாய் என்று ஆளுக்கொரு நாள் இருந்தது. இப்போது பெரும்பாலானவை அந்தந்த நாட்டின் நள்ளிரவில் திறந்துவிடும். நமக்கு வெள்ளி பிறக்கும்போது, கோடைகாலமென்றால் நியூயோர்க்கில் வியாழன் பிற்பகல் இரண்டரை மணிதான். ஒன்பதரை மணித்தியாலம் முன்னுக்கு நிற்கிறோம், குளிர்காலத்தில் பத்தரை. சில குழுக்கள் நியூயோர்க் நள்ளிரவைப் பார்த்து எல்லா நாடுகளுக்கும் ஒரே நேரத்தில் விடும். அவை நமக்கு வெள்ளி காலை ஒன்பதரைக்கோ பத்தரைக்கோ வரும். விமர்சகர்களுக்கு வாரக்கணக்கில் முன்பே பிரதி போய்விடும், இன்ன திகதிக்கு முன் எழுதக்கூடாது என்ற நிபந்தனையோடு. ஆகவே சில விமர்சனங்கள் அல்பம் வர முதலே வந்துவிடும். பரவாயில்லை, வாசிக்காமல் விடுவது நம் கையில்தானே.

கேட்பதற்கு முன் செயலியின் அமைப்புகளுக்குள் போய்ச் சில விஷயங்களைச் சரிசெய்யுங்கள். ஸ்பொட்டிஃபை 2021 பெப்ரவரியில்தான் இலங்கைக்கு வந்தது. இப்போது பலரும் அதைத்தான் பாவிக்கிறார்கள். அதில் கிராஸ்ஃபேட் என்பதை நிறுத்துங்கள். ஒரு பாட்டின் வாலையும் அடுத்ததன் தலையையும் அது ஒட்டிவிடும். இந்த அல்பங்களில் இடைவெளியும் இசையின் பகுதி. பாடல்களைக் கலைத்துப் போடும் ஷஃபிள் வேண்டவே வேண்டாம். ஒலித்தரம் 'தானியங்கி' என்று இருந்தால் டேட்டா குறையும்போது தரமும் சத்தமில்லாமல் குறையும். கிற்றார் இரைச்சலே அல்பத்தின் உயிர் என்றிருக்கும் இடத்தில் இது பெரிய நட்டம். ட்ரம்ஸின் தாளத்தட்டுகள் கரகரவென்று கரைந்துபோகும். முடிந்தால் வீட்டு வை-ஃபையில் உயர்தரத்தில் இறக்கி வைத்துக் கேளுங்கள்.

எங்கே கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். டோக் டோக் என்ற ஆங்கிலக் குழு 1988இல் வெளியிட்ட 'ஸ்பிரிட் ஒஃப் ஈடன்' அல்பத்தில் முதல் இரண்டு நிமிடம் ஏறக்குறைய ஒன்றுமே நடக்காது. தூரத்தில் ஒரு ட்ரம்பெட், நீண்டு கிடக்கும் வயலின் ஒலி, மற்றபடி மௌனம். அதை 155ஆம் இலக்க பஸ்ஸில் கேட்டால் காலி வீதியின் ஹோர்ன் சத்தத்தைத்தான் கேட்பீர்கள், பிறகு 'வெறும் அலட்டல்' என்று முடிவும் கட்டிவிடுவீர்கள். இப்படியான அல்பங்களுக்கு இரவு வேண்டும். மரைன் டிரைவ் பக்கம் வீடென்றால் கடைசி ரயில் போன பிறகு இன்னும் நல்லது.

கேட்டு முடித்ததும் கொப்பியில் மூன்றே மூன்று வரி எழுதுங்கள். எந்த இடத்தில் மனம் வேறெங்கோ போனது? எந்த இடத்தைத் திருப்பிப் போட்டுக் கேட்டீர்கள்? வேறெதை அது ஞாபகப்படுத்தியது? மூன்றாவதற்கு வெட்கப்படத் தேவையில்லை. இளையராஜாவின் பேஸ் கிற்றார், ஏ. ஈ. மனோகரனின் பைலாத் தாளம், கோவில் திருவிழாத் தவில், எது ஞாபகம் வந்தாலும் எழுதுங்கள். மன்செஸ்டரில் வளர்ந்த விமர்சகருக்கு அது ஞாபகம் வராது. உங்கள் காதின் பெறுமதியே அங்கேதான் இருக்கிறது.

புள்ளியை என்ன செய்வது

விமர்சன உலகில் அதிகம் அடிபடும் பெயர் பிட்ச்ஃபோர்க். 1990களின் நடுப்பகுதியில் மினியாபொலிஸ் நகரத்தில் ரயன் ஷ்ரைபர் என்ற இளைஞர் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு தொடங்கிய தளம். 0.0இலிருந்து 10.0 வரை தசமத்தோடு புள்ளி போடுவார்கள். 2000ஆம் ஆண்டில் ரேடியோஹெட்டின் 'கிட் ஏ'க்கு 10.0 கொடுத்தது. 2004இல் ஆர்கேட் ஃபயர் என்ற மொன்றியால் குழுவின் 'ஃபியூனரல்' அல்பத்துக்கு 9.7 கொடுக்க, அதுவரை அதிகம் பேர் அறியாத அந்தக் குழு எங்கும் பேசப்பட்டது. அதே ஆண்டில் ட்ராவிஸ் மொரிசன் என்ற பாடகரின் தனி அல்பத்துக்கு 0.0 போட்டது, அதிலிருந்து அவருடைய பெயர் நிமிர நெடுங்காலம் எடுத்தது. ஒரு எண்ணால் ஒரு குழு ஓங்கவும் ஒருவர் ஓயவும் முடிந்த காலம் அது.

இப்போது அந்தப் பலம் இல்லை. 2015இல் கொண்டே நாஸ்ட் என்ற அமெரிக்கச் சஞ்சிகை நிறுவனம் தளத்தை வாங்கியது. 2024 ஜனவரியில் ஆண்களுக்கான ஜீக்யூ சஞ்சிகையோடு சேர்த்துவிட்டார்கள், பல எழுத்தாளர்கள் வேலையிழந்தார்கள். ஆனாலும் ஒரு புதிய குழுவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் இன்றும் முதலில் வருகிற கேள்வி 'பிட்ச்ஃபோர்க் எவ்வளவு குடுத்தது' என்பதுதான்.

நமக்கு இங்கே ஒரு பழக்கதோஷம் உண்டு. சாதாரண தரப் பரீட்சையில் 75க்கு ஏ, 65க்கு பி என்று பழகிய கண், 7.0 என்ற எண்ணைப் பார்த்ததும் 'பரவாயில்லை, பி எடுத்த பிள்ளை' என்று நினைக்கும். அப்படியில்லை. வருடத்தில் வெளியாகும் எண்ணற்ற அல்பங்களில் ஒரு தளம் விமர்சனத்துக்கு எடுப்பதே கொஞ்சம். பரீட்சை மண்டபத்துக்குள் விடும்போதே வடிகட்டல் முடிந்துவிடுகிறது. ஆகவே 7.0ஐத் தாண்டியது என்றால் ஒருவர் கவனமாகக் கேட்டு நல்லதென்று சொல்லியிருக்கிறார் என்றே கொள்ளலாம். எட்டைத் தாண்டியவற்றில் சிலவற்றுக்கு 'பெஸ்ட் நியூ மியூசிக்' என்ற முத்திரை விழும். என் அனுபவத்தில் நீண்ட காலம் என்னோடு தங்குகிற அல்பங்கள் ஏழுக்கும் எட்டுக்கும் இடையில்தான் அதிகம்: எல்லோருக்கும் பிடிக்காத, ஆனால் பிடித்தவர்களுக்கு மிகவும் பிடிக்கிற வகை.

மெட்டாகிரிட்டிக் என்ற தளம் வேறு சாதி. அது தானாக ஒன்றையும் விமர்சிப்பதில்லை. பல இடங்களில் வந்த விமர்சனங்களை நூறுக்கு மாற்றிச் சராசரி எடுக்கும். நான்கு விமர்சனமாவது சேர்ந்தால்தான் எண்ணைக் காட்டும். சராசரி என்றாலும் எல்லோருக்கும் சம எடை இல்லை. சில பத்திரிகைகளுக்குக் கூட, சிலவற்றுக்குக் குறைய, யாருக்கு எவ்வளவு என்று சொல்லவும் மாட்டார்கள். எண் 61ஓ அதற்கு மேலோ என்றால் பச்சை நிறத்தில் காட்டுவார்கள், அதாவது நல்ல வரவேற்பு. பரிசோதனை இசைக்கு இந்தச் சராசரி பெரிதாக உதவாது. பத்துப் பேரில் ஐவர் 95உம் ஐவர் 55உம் கொடுத்த அல்பமும், பத்துப் பேரும் 75 கொடுத்த அல்பமும் அங்கே ஏறக்குறைய ஒரே எண்ணில் நிற்கும். முதலாவதைத்தான் நீங்கள் தேடிப் போக வேண்டும், அது தகராறு கிளப்பிய அல்பம். எனவே எண்ணைப் பார்க்காமல் கீழே இறங்கி, மிக உயர்ந்ததும் மிகத் தாழ்ந்ததும் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்று பாருங்கள்.

எண்கள் நிரந்தரமும் இல்லை. 2021 ஒக்டோபரில் பிட்ச்ஃபோர்க் தானே 19 பழைய அல்பங்களை எடுத்துப் புள்ளிகளைத் திருத்தியது. இன்டர்போல் குழுவின் முதல் அல்பம் 9.5இலிருந்து 7.0க்கு இறங்கியது. லிஸ் ஃபெயர் என்ற பாடகி தன் பெயரிலேயே 2003இல் வெளியிட்ட அல்பம் 0.0இலிருந்து 6.0க்கு ஏறியது. அல்பத்தில் ஒரு சுரம்கூட மாறவில்லை.

ரொக் வட்டத்துக்குச் சற்று வெளியே போய் ஒரு உதாரணம் சொல்கிறேன், நமக்கு நெருக்கமானது என்பதால். எம்.ஐ.ஏ. என்ற ஈழத்தமிழ்ப் பாடகி மாயா அருள்பிரகாசம் தகப்பனின் பெயரில் 'அருளர்' (2005), தாயின் பெயரில் 'கலா' (2007), தன் பெயரில் 'மாயா' (2010) என்று அல்பங்கள் வெளியிட்டார். முதல் இரண்டும் பிட்ச்ஃபோர்க்கில் எட்டைத் தாண்டின. மூன்றாவதற்கு 4.4. அது இயந்திர இரைச்சல் நிறைந்த கரடுமுரடான அல்பம்தான். ஆனால் அந்த நாட்களில் பத்திரிகைகளில் அவருடைய பாட்டைவிட அவருடைய அரசியலும் பேச்சும்தான் அதிகம் அடிபட்டுக்கொண்டிருந்தன. இணையத்தின் வழியாக அரசாங்கம் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அந்த அல்பம் தொடங்கும். 2013இல் அமெரிக்க அரசின் இணையக் கண்காணிப்பைப் பற்றி எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் வந்த பிறகு அதே தொடக்கத்தைப் பலர் வேறுவிதமாகக் கேட்டார்கள். ஈழத்துப் பெயர்களைத் தலைப்பாக வைத்த மூன்று அல்பங்களை நாம் கேட்கும் விதமும் ஒரு அமெரிக்க விமர்சகர் கேட்கும் விதமும் ஒன்றாக இருக்க வேண்டிய தேவை இல்லைதானே.

விமர்சனத்தைப் பென்சிலோடு வாசிப்பது

ஒரு விமர்சனத்தை எடுத்துக்கொண்டால் அதில் வாக்கியங்கள் பெரும்பாலும் மூன்று வகைதான். காதில் என்ன விழுகிறது என்று சொல்பவை: விவரிப்பு. இது இன்னாரைப் போல என்பவை: ஒப்பீடு. இதை யார், எங்கே, எந்தக் கஷ்டத்தில் செய்தார்கள் என்பவை: கதை. வாசிக்கும்போது பக்கத்தில் வி, ஒ, க என்று குறித்துக்கொண்டு போங்கள். தொடக்கத்தில் சில விமர்சனங்களுக்கு மட்டும் இப்படிச் செய்தால் போதும், பிறகு கண் தானாகப் பிரித்துவிடும். பாதிக்கு மேல் க விழுந்திருந்தால் அந்தப் புள்ளியில் கதைக்கும் பங்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2024 மார்ச் கடைசியில் வந்த 'டயமண்ட் ஜூபிலி' இதற்கு நல்ல பயிற்சி. சிண்டி லீ என்பது பட்ரிக் ஃபிளெகல் என்ற கனேடியக் கலைஞரின் மேடைப் பெயர். முன்பு விமன் என்ற குழுவில் இருந்தவர். 32 பாட்டு, இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். வந்தபோது ஸ்பொட்டிஃபையில் இல்லை. 1990களின் இணையத்தை ஞாபகப்படுத்தும் ஒரு ஜியோசிட்டீஸ் பக்கத்தில் கோப்பாக இறக்கிக்கொள்ள முடிந்தது, விரும்பினால் 30 கனேடிய டொலர் தரலாம் என்றிருந்தது. அல்லது யூடியூபில் ஒரே நீள வீடியோவாகக் கேட்க முடிந்தது. பிட்ச்ஃபோர்க் 9.1 கொடுத்தது, நான்கு வருடங்களில் ஒரு புதிய அல்பத்துக்கு அது கொடுத்த மிக உயர்ந்த புள்ளி. இந்தக் கதை எவ்வளவு இனிப்பானது பாருங்கள்! பெரிய நிறுவனங்களை ஒதுக்கிவிட்டுத் தனியொருவர், பழைய இணையம், இலவசம். எந்த எழுத்தாளருக்கும் கை ஊறும்.

கதையை நீக்கிவிட்டு என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தால்தான் அல்பம் தெரியும். 1960களின் அமெரிக்கப் பெண்குழுக்களின் மெட்டு, உச்சத்தில் ஏறி நடுங்கும் குரல், தேய்ந்த ஒலிநாடாவின் இரைச்சல், திடீரென்று வெட்டிக்கொண்டு வரும் கூரான கிற்றார். இது உங்களுக்குப் பிடிக்கும் சேர்க்கையா என்பதைப் புள்ளி சொல்லாது, இந்த நான்கு விவரமும் சொல்லும். எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் ஒரே மூச்சில் இல்லை. முதற்பாதியை ஒரு நாளும் மற்றதை வேறொரு நாளும் கேட்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

விவரிப்பு எப்படி இருக்க வேண்டும்? பிளக் கன்ட்ரி, நியூ ரோட் என்ற ஆங்கிலக் குழுவின் 'அன்ட்ஸ் ஃப்ரம் அப் தெயர்' 2022 பெப்ரவரி 4 அன்று வந்தது. அதற்கு நான்கு நாள் முன்புதான் பாடகர் ஐசக் வூட் குழுவை விட்டு விலகுவதாக அறிவித்தார். வந்த விமர்சனங்களில் அந்த விலகல் வராத விமர்சனம் அரிது. ஒவ்வொரு வரியிலும் பிரியாவிடையைத் தேடினார்கள். கதையை ஒதுக்கி வைத்துவிட்டு ஒன்பதாவது பாட்டுக்குப் போங்கள். ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீளம். மெதுவாக ஒரு கிற்றார்ச் சுற்று திரும்பத் திரும்ப வருகிறது. மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அதில் சேர்கின்றன. பிறகு ட்ரம்ஸ் மட்டும் கூட்டத்திலிருந்து கழன்றுகொண்டு தன்பாட்டுக்கு ஓடத் தொடங்குகிறது. மெட்டு அதே நிதானத்தில் போகிறது. ட்ரம்ஸோ அந்தத் தாளத்துக்குக் கட்டுப்படாமல் உருண்டு, சிதறி, சத்தம் கூடிக்கொண்டே வருகிறது. ஒரு கட்டத்தில் குரலே அதற்குள் மூழ்கிப்போகும். 'உணர்ச்சிபூர்வமான பாடல்' என்று எழுதுகிற விமர்சகர் உங்களுக்கு ஒன்றுமே தரவில்லை. ட்ரம்ஸ் கழன்று ஓடுவதை எழுதுகிறவர் நீங்கள் எதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்று காட்டிவிட்டார். அந்த இடம் உங்களுக்குக் குழப்பமாகப் பட்டதா, நெஞ்சை அடைத்ததா? இரண்டுமே நேர்மையான பதில்கள்தான். உங்கள் கொப்பியில் அந்த நிமிடம் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்தால் அந்த விமர்சகரின் பெயரையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

பெயர்ப் பட்டியலுக்குப் பயப்பட வேண்டாம்

புதியவர்களை விரட்டுவது ஒப்பீட்டு வாக்கியங்கள்தான். இவர் அவரைப் போல, அவர் 1979இன் இன்னாரைப் போல என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். அதில் ஒரு பெயரை மட்டும் பிடித்து அதன் ஒரு அல்பத்தைக் கேளுங்கள், மற்றவற்றை விட்டுவிடுங்கள். சில மாதங்களில் அதே பத்துப் பதினைந்து பெயர்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன என்பது தெரியவரும்.

வகைப் பெயர்களையும் விளக்கத்தால் இல்லாமல் காதால் பிடிப்பதுதான் சுலபம். ஷூகேஸ் என்று கண்டால் கிற்றார் அடுக்கடுக்காகப் பரவி நிற்க, குரல் அதற்குள் புதைந்து கிடக்கும். மை பிளடி வலன்டைனின் 'லவ்லெஸ்' (1991) ஒன்றைக் கேட்டால் போதும். க்ரௌட்ரொக் என்றால் 1970களின் மேற்கு ஜேர்மனி, கான், ஃபவுஸ்ட், நொய் போன்ற குழுக்கள். நொய் குழுவின் கிளவுஸ் டிங்கர் வாசித்த, ஏற்றமிறக்கமில்லாமல் நேராகப் போய்க்கொண்டே இருக்கும் தாளத்தைத்தான் மோட்டோரிக் என்கிறார்கள்; இன்றைய குழுக்களில் பாதிப் பேர் எங்காவது அதை எடுத்தாள்கிறார்கள். நோ வேவ் என்றால் 1970களின் கடைசியில் நியூயோர்க்கில் மெட்டையே மறுத்த சிறு கூட்டம். போஸ்ட்-ரொக் என்ற பெயரைப் பரப்பியவரே ஒரு விமர்சகர்தான்: சைமன் ரெனோல்ட்ஸ், 1994இல் பார்க் சைக்கோசிஸ் குழுவின் 'ஹெக்ஸ்' அல்பத்தைப் பற்றி எழுதும்போது. ரொக் வாத்தியங்களை வைத்துக்கொண்டு ரொக் அல்லாத ஒன்றைச் செய்வதைச் சொல்ல வந்தார். அதற்கு முன்னோடியாக இன்று எல்லோரும் காட்டுவது மேலே சொன்ன டோக் டோக் குழுவை. லோ-ஃபை என்பதற்கு விளக்கமே வேண்டாம், வீட்டில் பதிந்தது மாதிரி இருக்கும். சில நேரம் வீட்டிலேயே பதிந்ததாகவும் இருக்கும்.

தளத்தை விட்டு ஆளைப் பிடியுங்கள்

ஒரே தளத்தில் பத்துப் பேர் எழுதுவார்கள், பத்துப் பேருக்கும் பத்துக் காது. ஆகவே விமர்சனத்தின் மேலே இருக்கும் பெயரைக் கவனியுங்கள். உங்களோடு அடிக்கடி உடன்படுகிறவர் ஒருவரும், அடிக்கடி முரண்படுகிறவர் ஒருவரும் கிடைத்தால் போதும். இரண்டாமவர் மிகவும் பிரயோசனமானவர். அவர் ஒன்றைத் திட்டினால் நீங்கள் உடனே போய்க் கேட்கலாம்.

லண்டனிலிருந்து 1982 முதல் வரும் த வயர் சஞ்சிகை புள்ளியே போடுவதில்லை. பரிசோதனை இசைக்கு அதைவிட ஆழமான இடம் எனக்குத் தெரியாது, மொழி கொஞ்சம் கடினம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2008இல் தொடங்கிய த குவையட்டஸும் எண் போடாது. எழுதுகிறவர்கள் ரசித்து எழுதுவார்கள், சில நேரம் அளவுக்கு மீறியும். ரொபர்ட் கிறிஸ்ட்காவ் 1969 முதல் ஒரு பந்தியில் ஒரு அல்பம் என்று எழுதி ஏ, பி, சி என்று தரமிடுபவர். நறுக்கென்று எழுதுவது எப்படி என்று பழக அவரை வாசிக்கலாம். வாசிக்க நேரமில்லை என்பவர்களுக்கு யூடியூபில் அந்தனி ஃபன்டானோ இருக்கிறார். 'வலுவான ஏழு', 'லேசான எட்டு' என்று சொல்கிற அவருடைய தீர்ப்புக்காக இளைஞர்கள் காத்துக் கிடக்கிறார்கள். கேளுங்கள், ஆனால் முகபாவத்தையும் பகிடியையும் கழித்துவிட்டு என்ன சொன்னார் என்று பாருங்கள். குழு நேரில் எப்படி வாசிக்கும் என்று பார்க்க சியாட்டிலின் கேஇஎக்ஸ்பி வானொலி யூடியூபில் போடும் நேரடி நிகழ்வுகளைவிட நல்ல சாட்சி இல்லை. பதிவுக்கூடத்தில் செய்த வித்தை எது, கையால் வாசித்தது எது என்று அங்கே வெளிச்சமாகும்.

விமர்சகர்கள் எவ்வளவு தூரம் தவறுவார்கள் என்பதற்கு ஸ்லோடைவ் குழுவின் 'சுவ்லாக்கி'யைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1993இல் வந்த அந்த அல்பத்தைத் திரும்பக் கேட்பதைவிடக் கஞ்சி நிறைந்த குளியல் தொட்டியில் மூச்சுத் திணறிச் செத்துப்போவது மேல் என்ற பொருளில் மெலடி மேக்கர் வாரஇதழில் ஒருவர் எழுதினார். பிரிட்பொப் என்ற துள்ளலான பிரித்தானிய கிற்றார் பொப் இசையின் அலை எழும்பிக்கொண்டிருந்த நேரம். மெதுவான, மங்கலான கிற்றார் இசை பத்திரிகைகளுக்குச் சலித்துப்போயிருந்தது. 1995இல் அடுத்த அல்பத்தோடு இசை நிறுவனம் குழுவைக் கைவிட்டது. 2014இல் மறுபடி சேர்ந்தார்கள், 2017இலும் 2023இலும் புதிய அல்பங்கள் வந்தன, அவர்கள் பிரிந்தபோது பிறந்திராத பிள்ளைகள் அரங்கை நிரப்புகிறார்கள். மெலடி மேக்கர் 2000இல் மூடப்பட்டது. அந்த விமர்சகரும் காதில்லாதவர் அல்ல. அந்த வாரத்து மோஸ்தரை எழுதினார், அவ்வளவுதான். இன்றைய 9.1க்குள்ளும் இன்றைய மோஸ்தர் கொஞ்சம் இருக்கும்.

ஆறவிட்டுப் பார்ப்பது

இதில் சொல்ல அதிகமில்லை. கொப்பியில் எழுதிய அல்பத்தை மூன்று மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். விமர்சகருக்குக் கிடைக்காத வசதி இது. அவருக்குத் திகதி முடிந்துவிட்டது. டிசெம்பரில் எல்லாத் தளங்களும் ஆண்டுப் பட்டியல் போடும். மார்ச்சில் ஏழு வாங்கிய ஒன்று அங்கே மேலே வந்திருந்தால் அதைக் கவனியுங்கள். எழுதியவர்கள் திரும்பக் கேட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பிரித்தானியாவின் மேர்க்குரி பரிசும் கனடாவின் பொலாரிஸ் பரிசும் ஆண்டின் சிறந்த அல்பத்துக்கு நடுவர்கள் தெரிவுசெய்து கொடுப்பவை, விற்பனைக் கணக்கைப் பார்ப்பவை அல்ல. 2024இல் மேர்க்குரியை லீட்ஸ் நகரத்து இங்கிலிஷ் டீச்சர் என்ற குழு தன் முதல் அல்பத்துக்கே வாங்கியது. தொடங்குகிறவர்களுக்கு அதன் குறும்பட்டியல் நல்ல வேலைத்திட்டம்.

பிடித்துவிட்டால் வாங்க பேண்ட்கேம்ப் என்ற இணையத்தளம் இருக்கிறது. ஸ்ட்ரீமிங்கில் ஒரு சிறு குழுவுக்குப் போய்ச்சேருவது சில்லறை. பேண்ட்கேம்பில் பெரும் பங்கு கலைஞருக்கே போகும். டொலர் கணக்கு என்பதால் உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இசைத்தட்டாக வரவழைக்க நினைத்தால் அல்பத்தின் விலையைவிடத் தபால் செலவும் சுங்க வரியும் கூட வரும் என்று கணக்குப் பாருங்கள். கோப்பாக இறக்குவதே நமக்குத் தோது.

நீங்கள் எழுதும்போது

கொப்பியில் வரிகள் சேர்ந்ததும் ஒரு அல்பத்தைப் பற்றி 150 சொல் தமிழில் எழுதிப் பாருங்கள். 'மெய்சிலிர்க்க வைக்கும்', 'செவிக்கு விருந்து' இரண்டையும் தடைசெய்துவிடுங்கள். அவை எந்தப் பாட்டுக்கும் பொருந்தும். ஒரு நிமிடக் குறிப்பாவது இருக்கட்டும். கதை ஒரு வாக்கியத்தைத் தாண்ட வேண்டாம். புள்ளி போட ஆசையாக இருந்தால் போடுங்கள், ஆனால் எழுதி முடித்த பிறகு.

உள்ளூர்க் குழுக்களைப் பற்றி எழுதும்போது வேறொரு சங்கடம் வரும். கொழும்பு சின்ன ஊர். நீங்கள் குறை சொன்ன கிற்றார்காரரை அடுத்த கிழமை பம்பலப்பிட்டியில் ஒரு கலியாண வீட்டில் சோற்றுப் பந்தியில் சந்திப்பீர்கள். அதற்குப் பயந்து எல்லோரும் எல்லோரையும் புகழ்கிறார்கள், அதனால் புகழ்ச்சிக்கு விலையே இல்லாமல் போய்விட்டது. ஒன்று செய்யலாம். ஆளைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல் சத்தத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கள். 'பேஸ் கிற்றார் குரலை மூடிவிட்டது, இரண்டாவது பாட்டில் மட்டும் விலகி நின்றது, அந்த இரண்டாவது பாட்டுத்தான் நன்றாக இருந்தது' என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள். ஒலிப்பதிவு செய்தவர் கொஞ்சம் கோபிக்கலாம்.